கோடை வள்ளலும் காலிப் பானைகளும்

விடிந்தும் விடியாததுமாக, கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் எட்டுப் பிள்ளைகள் ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். ஓடத்தான் முடியவில்லை. கொடி ஆட்ட வேண்டியவர் இன்னும் வரவில்லை.

"கொடி ஆட்டலைன்னா கால் ஓடாதா சார்?" என்று கேட்டாள் அனிட்டா.

"வாய மூடிக்கினு நில்லும்மா. பெரிய மனுசன் வரேன்னு சொல்லியிருக்காரு," என்றார் விளையாட்டு ஆசிரியர் தனசேகரன்.

கள்ளக்குறிச்சியில் நடக்கப்போகும் நெடுந்தூர ஓட்டத்துக்கு அனிட்டாவின் பள்ளி முதல்முறையாக ஒரு குழுவை அனுப்ப நினைத்தது. தலைமையாசிரியை ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எட்டுப் பேரும் மலையடிவாரம் வரை ஓடிப்போய், ஓடியே திரும்பி வர வேண்டும். ஒருவர் பாதியில் வண்டி ஏறினாலும் குழு கிடையாது. பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

பெரிய மனிதர் வந்து சேர்ந்தபோது, வெயில் அவருக்கு முன்பே வந்து காத்திருந்தது. அவர் பெயர் தமிழழகன். 'கோடை வள்ளல்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு நன்றியும் தெரிவித்து பேனர் வைத்தவர்.

கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். சிறுவயதில் தான் புலியைவிட வேகமாக ஓடியதாகச் சொன்னார். அந்தப் புலியிடம் விசாரிக்க வழியில்லாததால் எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் பிள்ளைகளின் கையிலிருந்த பாட்டில்கள் அவர் கண்ணில் பட்டன.

"இன்னா இது, தண்ணியா? அடிவாரத்துல போன வாரந்தான் நான் தண்ணீர்ப் பந்தல் தொறந்தேன். பத்துப் பானை வெச்சிருக்கேன். நீங்க பாட்டில் தூக்கிக்கினு போனா என் பந்தலுக்கு இன்னா மரியாதை?"

தனசேகரன் சார் நெளிந்தார். பிறகு பாட்டில்களை வாங்கி ஓரமாக வைத்தார். அனிட்டாவின் அம்மா செலினா, எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்த பாட்டிலும் அதில் ஒன்று.

கொடி ஆடியது. போட்டோவுக்காக இன்னொரு முறை ஆடியது. எட்டுப் பிள்ளைகளும், தொப்பையைத் தூக்கிக்கொண்டு சாரும் ஓடினார்கள்.

சாலையின் இரு பக்கமும் கரும்பு நின்றது. ஆளுயரம் வளர்ந்திருந்தும் சாலைக்கு ஒரு துண்டு நிழல் தரவில்லை. தார் இளகி செருப்பைப் பிடித்து இழுத்தது. கல்வராயன் மலை மட்டும் எவ்வளவு ஓடினாலும் அதே தூரத்தில் இருந்தது.

"பந்தல்ல மோர் இருக்கும். வெள்ளரிப் பிஞ்சும் இருக்கும். ரெண்டையும் வுட மாட்டேன்," என்றான் பிரவீன்குமார்.

"ரெண்டும் உள்ள போனா, திரும்பி ஓடறப்போ உன் வயிறு மேளம் அடிக்கும்டா," என்றாள் அனிட்டா.

ஒருவழியாகப் பந்தல் வந்தது. பந்தலைவிட பேனர் பெரியது. அதில் தமிழழகன் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் இருந்தது அந்தப் படத்தில் மட்டும்தான்.

பிள்ளைகள் ஒவ்வொரு பானையாக எட்டிப் பார்த்தார்கள். பத்தும் காலி. ஒன்றில் ஒரு பல்லி குடும்பத்தோடு குடியேறியிருந்தது. டம்ளரை மட்டும் யாரும் திருடிவிடக் கூடாதென்று சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்த இலக்கியா, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கண்ணு இருட்டிக்கினு வருது அனிட்டா."

அனிட்டா அவளைக் கீற்றின் நிழலுக்குள் இழுத்துப் படுக்க வைத்தாள். ஓர் அட்டையை எடுத்து விசிறினாள். பக்கத்துக் கரும்புக் கொல்லையின் மோட்டார் கொட்டகை பூட்டியிருந்தது. மோட்டாருக்குக் கரண்டு சாயங்காலம்தான் வரும்.

"போதும்மா. ஆட்டோ கூப்புடறேன். எல்லாரும் ஏறுங்க," என்றார் சார்.

"ஏறினா டீமு போயிடுமே சார்," என்றாள் அனிட்டா.

"புள்ள பெருசா, டீமு பெருசா?"

சொல்லும்போதே சாரின் குரல் இறங்கிவிட்டது. குழு வேண்டுமென்று தலைமையாசிரியையிடம் நடையாய் நடந்தவர் அவர்தான். அனிட்டா இலக்கியாவைப் பார்த்தாள். சார் சொன்னது சரிதான். தண்ணீர் வந்தால்தான் ஓட்டம்.

அவள் பேனரை மேலும் கீழும் பார்த்தாள். 'மக்கள் சேவைக்கு எந்நேரமும் அழைக்கவும்' என்று போட்டு, கீழே ஒரு எண் இருந்தது.

"சார், போன் குடுங்க."

"அவரத் திட்டிடாதம்மா."

"நான் ஏன் சார் திட்டறேன்? போட்டோ எடுக்கலாமான்னு கேக்கப் போறேன்."

போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை தமிழழகனே எடுத்தார்.

"ஐயா, காலைல நீங்க கொடி ஆட்டி அனுப்புன பசங்க பேசறோங்க. உங்க பந்தல்லதான் நிக்கிறோம்."

"அப்படியா கண்ணு. குடிங்க, குடிங்க. நல்லா வயிறு முட்டக் குடிங்க."

"பானைல தண்ணி இல்லீங்களே. பல்லிதான் இருக்குது."

"நல்லா எட்டிப் பாரும்மா."

"எட்டிப் பாத்துட்டோங்க. பல்லியும் எங்களப் பாத்துச்சுங்க."

"சரி வுடு. நாளைக்கு ஊத்தச் சொல்றேன்."

"நல்லதுங்க. அதுவரைக்கும் சும்மா நிக்க வேணாமேன்னு ஒரு போட்டோ எடுத்து ஊரு வாட்ஸ்அப் குரூப்ல போடலாம்னு இருக்கோம். உங்க மொகம் நல்லா தெரியற மாரி, பேனர் கீழதாங்க நிப்போம். பானையக் கவுத்துத் தலைக்கு மேல தூக்கிக்கினா நல்லா இருக்குமா, இல்ல நேரா வெச்சே எடுக்கட்டுமாங்க?"

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று தடாலென்று நகரும் சத்தம் கேட்டது.

"அங்கயே இருங்க. எதையும் எடுக்காதீங்க. எதையும் தூக்காதீங்க."

பிள்ளைகள் இலக்கியாவுக்கு மாறி மாறி விசிறினார்கள். அட்டை மூன்று கை மாறுவதற்குள் சரக்கு ஆட்டோ ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. நிறைய தண்ணீர்க் கேன்கள். டிரைவர் பக்கத்தில் தமிழழகன். கழுத்தில் முடிவெட்டும் கடைத் துணி அவிழ்க்காமல் தொங்கியது. மீசையில் இடது பாதி கரிபோலக் கறுப்பு. வலது பாதி பஞ்சுபோல வெள்ளை. கடைக்காரர் மீசைக்குப் பாதி மை பூசியிருக்கும்போதே இவர் எழுந்து ஓடி வந்திருக்கிறார்.

எட்டுப் பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சார் திரும்பி நின்று மலையைப் பார்த்தார்.

"போட்டோ எடுத்துட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க. பானை ரொம்பட்டும்னு இருக்கோம்," என்றாள் அனிட்டா.

கோடை வள்ளல் கேனைத் தோளில் தூக்கினார். ஒரு பானையை நிரப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னும் ஒம்பது இருக்குதுங்க ஐயா," என்று பிரவீன்குமார் மரியாதையாக எடுத்துச் சொன்னான்.

முதல் டம்ளர் இலக்கியாவுக்குப் போனது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். முகம் கழுவினாள். பிள்ளைகள் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். பல்லிக் குடும்பத்தை அனிட்டா பத்திரமாகக் கரும்புக் கொல்லைக்கு அனுப்பிவைத்தாள்.

நன்றாக ஓய்வெடுத்த பிறகு சார் நான்கு விரல்களைக் காட்டினார். "இலக்கியா, இது எத்தினி?"

"நாலு சார். கட்டைவிரல ஏன் சார் மடக்கிக்கினு இருக்கீங்க, அதுக்கு இன்னா ஆச்சு?"

சார் சிரித்துவிட்டார். "இவ தேறிட்டா."

"யாரும் யாரையும் முந்த வேணாம். எல்லாரும் ஒண்ணாப் போவோம்," என்றாள் அனிட்டா. பிறகு தமிழழகனிடம் திரும்பினாள். "வழியிலயும் போட்டோ எடுப்போங்க ஐயா. நீங்க தண்ணி குடுக்கற மாரி."

அதைக் கேட்டதும் அவர் ஆட்டோவில் ஏறினார். சங்கிலியிலிருந்து கழற்றிய டம்ளரை வழியெல்லாம் கூடவே வந்து நீட்டினார்.

ஈரத் தலையோடு எட்டுப் பேரும் ஒரே வரிசையாக ஓடினார்கள். கால் எரிந்தது. ஆனாலும் நிற்கவில்லை. எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர், காரணம் தெரியாமலே ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் தலைமையாசிரியை குடை பிடித்து நின்றிருந்தார். ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணினார். எட்டு. ஒருவர்கூடக் குறையவில்லை.

"பேரு குடுத்துடலாம் சார்," என்றார்.

சார் இடுப்பில் கை வைத்துக் குனிந்தார். மூச்சு வாங்கியதால் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில், அரச மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துபோயின.

"சரி, இப்ப எடுங்க," என்று தமிழழகன் நடுவில் வந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டார்.

சார் போனைத் தூக்கிப் பிடித்தார். சிரிக்கச் சொல்லி யாரையும் அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை.