ஒரே ஒரு வாய்

காலையில் கண் விழித்ததும் மரகதத்தின் வயிறு பேசியது.

"உள்ளே இடம் நான்கு தேக்கரண்டி. நன்றாக மென்று விழுங்கவும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம்."

"சரிம்மா தாயே" என்று பதில் சொல்லிவிட்டு மரகதம் பல் துலக்கப் போனாள்.

நிலாவின் தென்குடியிருப்பில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அங்கே ஊரில் பாதிப் பேருக்கு வயிறு பேசும். இரைப்பையின் ஓரத்தில் உளுந்தளவு ஒரு கருவியைத் தைத்துவிடுவார்கள். அதற்கு இரைமணி என்று பெயர். உள்ளே எவ்வளவு இடமிருக்கிறது, தையல் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் கையில் கட்டிய பட்டை வழியாக அது சொல்லும்.

நிலாவில் தன் உடம்பின் பாரம் தனக்கே தெரியாது. பூமியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் உடம்பு இங்கே துள்ளிக்கொண்டு போகும். அந்தத் தைரியத்தில் தின்று தீர்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பலாம் என்று கிளம்பும்போதுதான் கப்பல்காரர்கள் தடுப்பார்கள். இந்த உடம்போடு பூமியில் இறங்கினால் இதயம் தாங்காது, இளைத்துவிட்டு வா என்பார்கள். மரகதத்துக்கும் அதைத்தான் சொன்னார்கள். அதனால்தான் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கோழிமுட்டை கொள்ளும் அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்திருந்தார்கள்.

மகள் தாமரைச்செல்விக்கு ஆம்பூரில் தலைப்பிரசவம். அடுத்த கப்பலில் போனால் பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கலாம். அதை விட்டால், குழந்தை தவழ்ந்து சுவரைப் பிடித்து நிற்கும்போதுதான் போய்ச் சேர முடியும். பட்டினி, வாந்தி, மயக்கம் எல்லாவற்றையும் மரகதம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது அந்தக் கப்பலுக்காகத்தான். முதலில் வெறும் தண்ணீர், அதுவும் மிடறு மிடறாக. பிறகு வடித்த கஞ்சி, பருப்புத் தண்ணீர். இப்போதுதான் குழைத்த இட்லி வரைக்கும் வந்திருந்தாள். உயிருக்கு உயிராக இருந்த காபி இப்போது வாடை பட்டாலே குமட்டியது. கனவில் மட்டும் தினமும் பிரியாணி வந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பரிமாறிதான்.

பரிமாறி என்பது மருத்துவமனை கொடுத்தனுப்பிய இயந்திரம். இரண்டு கை, ஒற்றை நீலக் கண், இடுப்பில் ஒரு கிண்ணம். அறுவை முடிந்தவர்கள் பயத்தில் சாப்பிடாமலே கிடந்து சோர்ந்து விழுகிறார்களாம். அதனால் கெஞ்சிக் கொஞ்சி ஊட்ட ஓர் இயந்திரம். பயண அனுமதி வேண்டுமென்றால் அது போடுவதைத்தான் சாப்பிட வேண்டும், அதை நிறுத்தி வைக்கக் கூடாது.

அன்றும் அது இட்லியைப் பாலில் குழைத்து நான்கு தேக்கரண்டி வைத்தது. மரகதம் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றது பரிமாறி.

"வேணாம். வயிறு நிறைஞ்சிடுச்சு."

"அப்படிச் சொல்லக் கூடாது. கொஞ்சமா வைக்கிறேன்." அவள் கையால் கிண்ணத்தை மூடினாள். விரலிடுக்கு வழியாக ஒரு கரண்டி விழுந்தது.

"அறிவிருக்கா உனக்கு? வேணாம்னா வேணாம்!"

"கோபத்துல சாப்பிட்டா ஒட்டாது. இந்தாங்க" என்று இன்னொரு கரண்டியும் விழுந்தது.

வைத்ததை மீதம் விடவும் வழியில்லை. நிலாவில் ஒரு பருக்கை விளைவதற்கு எத்தனை காற்றும் தண்ணீரும் செலவாகிறது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சோற்றைக் கொட்டுகிறவளை அக்கம்பக்கம் காறித் துப்பும். மரகதம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அடுத்த நிமிடம் குளியலறைக்கு ஓடினாள்.

"எல்லை மீறல்" என்றது வயிறு. "தையல் இழுபடுகிறது. இன்னொரு முறை இப்படி ஆனால் மருத்துவமனைக்குத் தெரிவிக்கப்படும். பயண அனுமதி ரத்தாகும்."

"இதை என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அந்தச் சனியன்கிட்ட சொல்லேன்!" என்று மரகதம் கத்தினாள்.

சொல்ல முடியாது. இரைமணியைச் செய்தது ஒரு நிறுவனம், பரிமாறியைச் செய்தது வேறொரு நிறுவனம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நிலாவுக்குக் கப்பல் விடத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டையும் பேச வைக்கத் தெரியவில்லை. என்ன கொடுமை இது!

"எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்லப் பாக்கறாங்க" என்று கணவர் தணிகாசலத்திடம் பொருமினாள். "குண்டா இருந்தப்ப, மரகதம் வந்தா நிலா ஒரு பக்கமா சாயுதுன்னு சிரிச்சாங்க. வெட்டித் தைச்சுக்கிட்டு வந்தா, ஐயோ இப்படி வத்திப் போயிட்டியேன்னு கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. வேணாம்னா கோவிச்சுக்கறாங்க. இப்ப மிஷினும் அதையே பண்ணுது. ஒரு மனுஷி வேணாம்னு சொன்னா காதுல ஏறாதா?"

தணிகாசலம் தலையாட்டினார். இந்த விஷயத்தில் வாயைத் திறக்காமலிருப்பதே நல்லது என்பது அவர் அனுபவம்.

மரகதம் பரிமாறி நிறுவனத்தைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். மதியத்துக்குள் பழுதுபார்ப்பவர் வந்துவிட்டார். ஜெபராஜ் என்று பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும், தொளதொளவென்று சட்டை. பரிமாறியின் முதுகைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல பழுது ஒண்ணுமில்ல அக்கா."

"பழுதில்லையா? என்னைச் சாகடிக்கப் பாத்துச்சு தம்பி!"

"உபசாரம் பண்ணக் கத்துக்கட்டும்னு நம்ம ஜனங்க கல்யாணப் பந்தி, வீட்டு விருந்துன்னு ஆயிரக்கணக்கா படம் போட்டுக் காட்டியிருக்காங்க. அதுல எவனாவது வேணாம்னு சொன்னதும் விட்டிருக்காங்களா? வேணாம்னா வைக்கணும்னு இது புரிஞ்சுக்கிச்சு. இது மேல தப்பில்ல."

"அந்த ஜனங்களைச் செருப்பால அடிக்கணும்" என்றாள் மரகதம் மனதார.

ஜெபராஜ் சிரித்தார். "கத்துக்கிட்டதையெல்லாம் துடைச்சு விட்டுட்டேன். இப்ப இது பச்சைப் பிள்ளை. இன்னும் கொஞ்ச நேரம் கண்ணு மஞ்சளா எரியும். அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் எப்படிச் சாப்பிட வைக்கிறீங்கன்னு பாத்துக்கும். நீலமானதும் பூட்டிக்கும். அப்புறம் சாமானியத்துல மாத்த முடியாது. பாத்து நடந்துக்குங்க."

மரகதம் இரண்டு கையையும் கூப்பினாள். கப்பல் கிடைத்துவிட்டது! கடவுள் மாதிரி வந்து காப்பாற்றியிருக்கிறார். இப்படிப்பட்ட மனிதரை வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது?

"இருங்க தம்பி. அவருக்கு அடை வார்த்து வச்சிருக்கேன். ஒண்ணு சாப்பிட்டுப் போங்க."

"ஐயோ, வேணாம் அக்கா. எனக்கும் இதே ஆபரேஷன்தான். போன மாசம்தான் வேலைக்கே திரும்பினேன்."

"அப்போ திடமா சாப்பிடற கட்டம் வந்திருக்குமே! நல்லா மொறுமொறுன்னு இருக்கு. பாதி வைக்கிறேன்."

"பாதி ரொம்ப அதிகம். கிள்ளிக் குடுங்க, வாயில போட்டுக்கறேன்."

"கிள்ளிக் குடுக்க நான் என்ன காக்காய்க்கா வைக்கிறேன்?" தட்டில் பாதி அடை வந்து விழுந்தது. ஜெபராஜ் அவள் முகத்தைப் பார்த்தார். ஓரத்தைப் பிய்த்து நெடுநேரம் மென்றார். நன்றாக இருக்கிறது என்று மரியாதைக்குச் சொன்னார். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"பாத்தீங்களா! அப்போ இதையும் சேர்த்து." அவர் பெட்டியை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து மீதிப் பாதியையும் தட்டில் வைத்தாள்.

"அக்கா, சத்தியமா முடியாது."

"என் கையால சாப்பிடப் பிடிக்கலைன்னு நேரா சொல்லிடுங்க. அக்கான்னு கூப்பிட்டதெல்லாம் வாய் வார்த்தைதானா? எனக்காக, ஒரே ஒரு வாய்."

தணிகாசலம் இருமினார். பரிமாறியின் பக்கம் கண்ணால் ஜாடை காட்டினார். "வந்தவரை உபசரிக்கிறப்ப என்ன இருமல்?" என்று மரகதம் அவரை அடக்கினாள்.

மூலையில் பரிமாறி நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் கண் தட்டுக்கும் மரகதத்தின் வாய்க்குமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஜெபராஜ் தட்டைக் காலி செய்தார். அவர் மணிக்கட்டுப் பட்டை ஏதோ முணுமுணுத்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் வியர்க்க, அவசர அவசரமாக விடைபெற்றார். "பாவம், கூச்ச சுபாவம்" என்றாள் மரகதம் திருப்தியோடு. பரிமாறியின் கண் நீலமானது.

சாயங்காலம் அது மசித்த பருப்பை நான்கு கரண்டி வைத்தது. மரகதம் சாப்பிட்டுவிட்டு, "போதும்" என்றாள்.

பரிமாறி கரண்டியைக் கீழே வைத்தது. மரகதத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. மகளிடம் சொல்ல வேண்டும் என்று பேசியை எடுக்கத் திரும்பினாள். திரும்பிப் பார்த்தபோது கிண்ணம் மறுபடி நிறைந்திருந்தது.

"யார் வச்சது இதை?"

"என் கையால சாப்பிடப் பிடிக்கலைன்னு நேரா சொல்லிடுங்க" என்றது பரிமாறி. குரல் கொஞ்சம் கம்மியது. "எனக்காக, ஒரே ஒரு வாய்."

தணிகாசலம் கையிலிருந்த செய்தித்திரையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பழைய பரிமாறியைத் திட்ட முடிந்தது. இந்தக் குரலை எப்படித் திட்டுவது? மனம் நோகிறதே, ஒரு வாய்தானே என்று வாங்கிக்கொண்டாள். அதன் பின்னால் இன்னொரு வாய் வந்தது. அப்புறம் குளியலறை.

"மருத்துவமனைக்குத் தெரிவிக்கப்பட்டது" என்றது வயிறு. "பயண அனுமதி ரத்து."

அழுகையும் ஆத்திரமுமாக மரகதம் ஜெபராஜைக் கூப்பிட்டாள். "என்ன மிஷினய்யா சரி பண்ணிட்டுப் போனீங்க? என் பொண்ணு அங்க தனியாக் கிடக்கப் போறா! என் கப்பல் போச்சு! நீங்கள்லாம் மனுஷங்களா? உடனே வந்து இதைத் தூக்கிட்டுப் போங்க!"

மறுமுனையில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"வர முடியாது அக்கா. ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன். அந்த அடை... தையல் விட்டுப் போச்சு. திரும்பவும் கிழிச்சுத் தைச்சிருக்காங்க."

மரகதத்தின் ஆத்திரமெல்லாம் அப்படியே அடங்கிப் போனது. கண் கலங்கிவிட்டது.

"அடப் பாவமே" என்றாள். "ஏதாவது சாப்பிட்டீங்களா தம்பி?"