மெழுகறை

ஆள் அரவமில்லாத கற்காட்டின் நடுவே ஒரு மொட்டைப் பாறை. அதைக் குடைந்து ஒரு சிற்பி அந்த அறையை அமைத்திருந்தார். சுவர், கூரை எல்லாம் தடிமனாகத் தேன்மெழுகு. பார்க்க வருபவர்கள் உள்ளே தனியாக நின்று பாறையின் மௌனத்தைக் கேட்க வேண்டுமாம். என்னத்தைக் கேட்டார்களோ, சுவரெங்கும் கையை வைத்து அழுத்திப் பள்ளம் பள்ளமாக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதைச் சீர்செய்யத்தான் மெழுகு பொம்மைப் பட்டறை நடத்தும் அக்காவும் தங்கையும் வேனில் வந்து இறங்கினார்கள்.

கதவைத் திறந்ததுமே அக்கா ஓரடி பின்வாங்கினாள். தேன்மெழுகின் மணம் அவளுக்குப் பழகியதுதான். இது வேறு. மாதக்கணக்கில் துவைக்காத தலையணையின் வாடை.

“யாரோ உள்ளயே குடித்தனம் நடத்தியிருக்காங்கக்கா,” என்று தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிச்சது போதும். கையுறையைக் கழட்டு. அதோட தேய்ச்சா சுவர்ல கோடு விழும். வெறுங்கைச் சூட்டுலதான் மெழுகு சமமாகும்.”

பட்டறையிலும் அவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்வது இப்படித்தான். அக்கா வெளியே அடுப்பு மூட்டி மெழுகு உருக்கினாள். தங்கை உள்ளே பூசிப் பூசித் தேய்த்தாள். கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் போதும், ஓடிவந்து வெயிலில் மல்லாந்துவிடுவாள். நிழல் என்றாலே ஆகாத பிறவி அவள். “கருவாடா காயப்போறே,” என்று அக்கா திட்டுவாள்.

மறுநாள் பகலில் அக்கா தங்கையோடு உள்ளே போய், மேடுபள்ளம் தெரியக் கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

தங்கை தேய்த்த இடத்தில் பொடிப்பொடியாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும், மனிதத் தோலில் இருப்பதுபோல, ஒரு பூனைமுடி. அக்கா நகத்தால் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வேரோடு வந்தது. வேரில் வெள்ளையாகக் கொழுப்பு ஒட்டியிருந்தது.

சுவர் மெல்லச் சிலிர்த்தது.

அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரலைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். அந்தப் பிசுக்கு போகவே இல்லை.

“கிளம்பு. இப்பவே போறோம்.”

“இரு அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன். அம்மாகிட்ட காட்டினா இனிமே நம்மளை வெளியூர் வேலைக்கே விடமாட்டாங்க.” தங்கை போனைத் திறக்க, பின்பக்கம் ரேகை பதிக்கும் இடத்தில் விரலை வைத்தாள். திறக்கவில்லை. பாவாடையில் விரலைத் துடைத்துவிட்டு வைத்தாள். அப்போதும் இல்லை.

அக்கா அவள் கையைப் பற்றி டார்ச் வெளிச்சத்தில் திருப்பினாள்.

ஒரு ரேகைகூட இல்லை.

உள்ளங்கை முழுவதும் உரித்த முட்டையாக வழவழத்தது. தங்கையின் முகத்தில் இருந்த சிரிப்பு செத்துப்போனது. போன் கைநழுவிச் சுவரில் மோதியது. கீழே விழவில்லை. பின்பக்கம் மெழுகில் புதைய, அங்கேயே ஒட்டிக்கொண்டது.

திரை பளிச்சென்று திறந்தது.

“அது எப்படிக்கா என் போனை...”

அந்த நேரம் பார்த்து அக்காவின் கையிலிருந்து டார்ச் விழுந்து அணைந்தது. போனின் வெளிச்சத்தையும் மெழுகு மெதுவாக மூடியது. இருட்டில் ஏதோ உதடு சப்புவதுபோல ஈரமான சத்தம்.

அக்கா கூச்சலிட்டபடி நாலாபக்கமும் துழாவினாள். ஒரு கை அகப்பட்டது. வெதுவெதுவென்று, பிசுபிசுவென்று. விடாமல் பற்றி வெளியே இழுத்து வந்து, கதவை அறைந்து பூட்டினாள். அந்தக் கையை வேனில் தள்ளி ஏற்றிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அடுப்பும் சாமான்களும் கிடந்தால் கிடக்கட்டும். தங்கையைக் காப்பாற்றிவிட்டாள், அது போதும்.

பாறை கண்ணுக்கு மறையும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது அக்காவின் போன் அடித்தது.

திரையில் தங்கையின் பெயர்.

“அக்கா...” தொண்டை கட்டிய, அழுத குரல். “ஏங்க்கா கதவைப் பூட்டினே? நான் உள்ள இருக்கேன்க்கா. போனை மெழுகுலேர்ந்து பிச்சு எடுத்தேன். சுவரு கிட்ட வருது.”

வேனுக்குள் அந்தத் தலையணை வாடை நிறைந்திருந்தது. எப்போதிலிருந்து என்று அக்காவுக்குத் தெரியவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்க்க அவள் கழுத்து திரும்ப மறுத்தது. தங்கையிடம் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். வண்டியைத் திருப்ப ஸ்டியரிங்கை வளைத்தாள்.

அவள் கைமேல் இன்னொரு கை வந்து படிந்தது. அவளுடைய விரல் இடுக்கெல்லாம் நிரம்பும்படி படிந்தது.

“அந்தப் பக்கம் திருப்பாதேக்கா,” என்றது தங்கையின் குரல், செல்லமாக. “மூஞ்சியில வெயில் அடிக்குது.”