முழு அளவு

உலக இசை வரலாற்றின் போக்கையே திருப்பிப் போடப்போகும் அறிவிப்பு ஒன்று, ஒரு விடுமுறை நாள் காலையில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெளியிடப்பட்டது. குழாய்க் கம்பெனியின் துணை மேலாளருடைய ஒரே மகள், ஆறு வயதுச் செல்வி, வயலின் பயிலத் தொடங்குகிறாள். கூடவே படம். படத்தில் வயலின் கம்பீரமாக இருந்தது. குழந்தையைத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. வயலினின் கழுத்தைப் பிடிக்க நீட்டிய இடது கை பாதி வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஏதோ ஒன்று சரியில்லை என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனாலும் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

துணை மேலாளருக்கு எதையும் சின்னதாக வாங்கிப் பழக்கமில்லை. பெயர்ப்பலகையில் 'துணை' என்ற சொல்லை மட்டும்தான் சின்னதாக எழுதச் சொல்லியிருந்தார். மகளின் சீருடை கணுக்காலைத் தொடும். ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்திருக்கும். வளரும் பிள்ளை அல்லவா? வயலின் கடைக்காரர் குழந்தைகளுக்கான அரை அளவு வயலினை எடுத்து நீட்டியபோது, "பொம்மை கேக்கலைங்க, வயலின் கேட்டேன்" என்று அவரை ஒரேயடியாக அமுக்கிவிட்டார்.

டீச்சரின் வீடு மாடியில். படியேறும்போதே வில்லில் தேய்க்கும் ரோசின் பிசினின் வாசனை வந்தது. அதற்கு அடியில் மர மெருகெண்ணெய். அதற்கும் அடியில், கறிக்கடையைக் கழுவிவிட்ட மாதிரி ஓர் ஈர நெடி. டீச்சர் ஒல்லியான, வயது கண்டுபிடிக்க முடியாத பெண்மணி. வயலினைக் குழந்தையின் தோளில் வைத்து, கையை நீட்டச் சொன்னார்.

"உள்ளங்கை அந்த முனையைப் பிடிக்கணும். எட்டுதா?"

விரல் நுனிகூட எட்டவில்லை.

"சார், இது பெருசு. கடையில குடுத்து மாத்திட்டு வாங்க."

படம் போட்டாகிவிட்டது. இனிமேல் மாற்றுவதாவது.

"வளர்ந்துடுவா மேடம்."

"எப்போ?"

"எவ்வளவு சீக்கிரம் முடியுமோ. எங்க கம்பெனி ஆண்டு விழாவுல வாசிக்கப்போறான்னு எம்.டி.கிட்ட சொல்லிட்டேன்."

டீச்சர் குழந்தையின் கையை முழங்கையிலும் மணிக்கட்டிலும் பிடித்து, துணி எடுப்பவர்கள் இழுத்துப் பார்ப்பதுபோல மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"சரி, வளர்த்துடலாம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"பின்னே? நல்லா கண்டிப்பா இருங்க. நான் குறுக்க வரவே மாட்டேன்."

குழந்தை அவருடைய சுண்டுவிரலை விடவில்லை. "அப்பா, நீயும் உள்ள வா."

"அப்பா எங்க போயிடப்போறேன்? இங்கதான் உக்காந்திருப்பேன் தங்கம்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உள்ளே அனுப்பினார். கதவு மூடியது. தாழ் விழும் சத்தமும் கேட்டது.

வெளியறையில் ஒரு மருந்துக்கடைக்கார அம்மா தன் மகளோடு காத்திருந்தார். அந்தப் புழுக்கத்திலும் பெண் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அதன் ஒரு கை அளவாக இருந்தது. இன்னொரு கை மடியிலிருந்து வழிந்து தரையில் கிடந்தது.

"பெருசா வாங்கிட்டீங்களா? நானும் உங்க கட்சிதாங்க" என்றார் துணை மேலாளர்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து பஞ்சு எடுத்து நீட்டினார். "முதல் நாளா சார்? காதுல வச்சுக்குங்க."

"எம்பொண்ணு வாசிக்கறதை என்னாலயே கேக்க முடியாதா என்ன!"

மின்விசிறி தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்க, கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தந்தியை முறுக்கும் பிரடையைத் திருப்புவதுபோல மரத்தில் மரம் உரசும் கிறீச்சொலி ஒன்று மெதுவாகக் கிளம்பி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கிளம்பி, இவ்வளவு நேரம் முறுக்கினால் எந்தத் தந்தியும் அறுந்துவிடுமே என்று அவர் நினைக்கும் அளவுக்கு நீண்டுகொண்டே போனது. அதற்கப்புறம் வந்தது அந்தச் சத்தம். உச்சத்தில் ஆரம்பித்து, அங்கேயே நடுங்கி, பிசிறு தட்டி, பூனையின் வாலை மிதித்த மாதிரி இழுபட்டு, திடீரென்று அறுந்தது. புதிதாகக் கற்பவர்களின் வயலின் அப்படித்தான் கத்தும் என்று கேள்விப்பட்டிருந்தார். பெருமை தாங்கவில்லை. கைபேசியைக் கதவருகே நீட்டிப் பதிவு செய்தார். 'முதல் நாதம்' என்று தலைப்புக் கொடுத்துக் குழுவுக்கு அனுப்பினார்.

உட்கார்ந்து, பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் தாளம் போட்டார்.

பெட்டி.

கனமாக இருந்தது. மூடியைத் திறந்தார். உள்ளே வயலின்.

உள்ளே சத்தம் மறுபடி கிளம்பியது.

கைபேசி அதிர்ந்தது. 'அருமை! ஆரம்பமே அமர்க்களம்!' என்று அத்தை. 'என்ன ராகம் மாப்பிள்ளை?' என்று மாமனார்.

எழுந்தார். கதவை நோக்கிப் பாய்ந்தார். மருந்துக்கடை அம்மா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதீங்க சார். நான் பாதியில உள்ள போய்க் கெடுத்துட்டேன்."

அந்தப் பெண் தரையில் கிடந்த ஸ்வெட்டர் கையைத் தானாகவே சுருட்டிக் காட்டினாள். துணை மேலாளர் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

கதவை உதைத்தார். தோளால் இடித்தார். ஊரெல்லாம் படம் பார்த்த அந்த வயலினைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி அடித்தார். வயலின் நொறுங்கியது. கதவுப் பலகை பிளந்தது. கையை உள்ளே விட்டுத் தாழை நீக்கினார். பிளவு அவர் சதையைக் கிழித்தது. வலி தெரியவில்லை.

உள்ளே ஒரு பெஞ்சு. தோல்வார்கள். குழந்தையின் தோளில் டீச்சரின் முழங்கால். முழங்கைக்குள் இறக்கிய ஒரு மரப்பிரடை, அதில் டீச்சரின் இரண்டு கைகளும். தரையில் ரத்தம் அதிகமில்லை, அவ்வப்போது துடைத்திருக்கிறார். இடது கை பெஞ்சைத் தாண்டி, ஓரத்தில் வளைந்து, தரையில் படுத்திருந்தது. தோல் பளபளத்தது. உள்ளே எலும்புத் துண்டுகள், இடைவெளி விட்டு.

கையில் மிஞ்சியிருந்த கட்டையால் டீச்சரின் முகத்தில் அடித்தார். மூக்கு உடைந்தது. மறுபடி அடித்தார். பற்கள் சிதறின. டீச்சர் பிரடையை மட்டும் விடவில்லை.

"அடிங்க சார், பரவாயில்ல," என்றார் ரத்தத்தைத் துப்பிவிட்டு. "ஆனா நான் இப்ப விட்டா அது சுருங்காது. அறுந்துடும்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"தங்கம்..." கட்டையைக் கீழே போட்டார். "வா. வீட்டுக்குப் போயிடலாம்."

குழந்தை கண்ணைத் திறந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. இடது கையைப் பார்த்தாள். வலது கையைப் பார்த்தாள்.

"அப்பா, ஒண்ணு சின்னதா இருக்கு."

"பரவாயில்ல கண்ணு. பரவாயில்ல."

"எல்லாரும் சிரிப்பாங்கப்பா." மூக்கை உறிஞ்சினாள். "இதையும் முடிச்சுட்டு வந்துடறேன். நீ வெளிய இரு."

'எல்லாரும்.' அந்தச் சொல்லுக்குத்தான் அவர் இதுவரை பயந்து வந்திருந்தார். வெளியே ஸ்வெட்டர் பெண் தேம்பும் சத்தம். உள்ளே டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தார், மூக்கு ஒழுக ஒழுக.

ஓர் அடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி. வாசற்படி காலில் தட்டியது. அதையும் தாண்டி வெளியே வந்து நின்றார்.

உடைந்த கதவு கீல் விட்டுத் தொங்கியது. தரைமட்டத்தில், பெஞ்சு இருந்த பக்கத்திலிருந்து, ஏதோ மெல்ல ஊர்ந்து வந்தது. கதவின் விளிம்பில் ஐந்து நீண்ட விரல்கள் ஒவ்வொன்றாக வளைந்து பிடித்தன. சுண்டுவிரல் அவர் ஷூவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தது. பிறகு அந்தக் கை கதவை உள்பக்கமாக இழுத்துச் சாத்திக்கொண்டது.

மீதி வகுப்பு ஒழுங்காக நடந்தது.