எடைமேடையின் சிவப்புப் பட்டன்

ஒரகடம், 2014. காலை மணி ஒன்பதே கால். கார்க் கதவுக்குக் கைப்பிடி செய்யும் அந்த ஆலையில் உற்பத்தி லைன் மறுபடியும் நின்றது. விடிந்ததிலிருந்து மூன்றாவது முறை. நின்றால் சூப்பர்வைசர் நரசிம்மனுக்கு மேலிடத்திலிருந்து போன் வரும். போன் வந்தால் யார் தலையாவது உருளும்.

"இன்னா திமிரு இருந்தா வேணும்னே நிறுத்துவே? ரூமைக் காலி பண்ணிகினு ஊருக்குக் கெளம்பு!" லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

திட்டு வாங்கியவள் இசக்கிசெல்வி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அடுத்த வாரம் வேலை நிரந்தரமாக வேண்டியது. லைனை நிறுத்தும் பட்டன் அவளுடைய கணினித் திரையில் மட்டும்தான் இருந்தது. அப்புறம் வேறு யாரைச் சந்தேகப்படுவார்கள்?

"நான் அதத் தொடவே இல்ல சார். சத்தியமா!"

ஆலையின் கணினித் திரைகளுக்கு வெப் பக்கங்கள் எழுதும் பிரவீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய சீனியர் பகலவன் பட்டனுக்கான நிரலை ஒரே ஒரு முறை எழுதி, பெயரை மட்டும் மாற்றி மாற்றி எல்லாத் திரைகளிலும் பொருத்தியிருந்தான்.

"அந்த 'நிறுத்து' பட்டனை நூறு தடவ டெஸ்ட் பண்ணியாச்சு. அந்தப் பொண்ணுதான் அமுக்கிட்டுப் பொய் சொல்லுது," என்றான் அவன்.

பிரவீனா நேரே இசக்கிசெல்வியிடம் போனாள். "லைன் நிக்கும்போது வேற என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. கழிவு ஏத்துத லாரி ஆரன் அடிச்சிட்டுப் போச்சு."

"மூணு தடவையுமா?"

"ஆமாக்கா."

வெளியே போகும் லாரிகளை எடை போடும் எடைமேடைக்கு பிரவீனா ஓடினாள். அங்கே எடை போடும் எல்லப்பன் அலுத்துக்கொண்டார். "திங்கக்கெழம வந்த புது ஸ்கிரீனு ஒரே பேஜாரும்மா. மத்த பட்டன்லாம் பச்சை. லாரிய அனுப்ப நான் அமுக்குறது மட்டும் செவப்பா கீது."

"அதுல என்ன எழுதியிருக்கு?"

"நிறுத்து அனுப்பு. எடை போட்டு அனுப்புன்னு அர்த்தம்."

அடக் கடவுளே! பிரவீனா திரும்பி ஓடினாள்.

நரசிம்மனையும் பகலவனையும் இசக்கிசெல்வியையும் தன் மேஜைக்கு அழைத்தாள். ஒரு வெற்றுப் பக்கத்தில் அந்தப் பட்டனை மட்டும் தனியாக வைத்தாள். 'அனுப்பு' என்று பெயரிட்டு அழுத்தினாள். பச்சை, ஒன்றும் ஆகவில்லை. 'நிறுத்து அனுப்பு' என்று மாற்றினாள். பட்டன் சிவந்தது. அழுத்தியதும், லைனை நிறுத்தும் கட்டளை திரையின் கீழே வந்து விழுந்தது.

"லைனை நிறுத்துனது நீங்க எழுதுன பட்டன், பகலவன். எந்தத் திரையில என்ன வேலைன்னு நாமதான் அதுக்குச் சொல்லணும். நீங்க அதையே பேரைப் படிச்சு முடிவு பண்ண விட்டுட்டீங்க. 'நிறுத்து'ன்னு ஆரம்பிச்சா ஸ்டாப்! எடை போடுறதுக்கும் தமிழ்ல 'நிறுத்து'தான் சார். நூறு தடவையும் ஒரே பேரை வெச்சா டெஸ்ட் பண்ணீங்க?"

பகலவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"சரி சரி, போய் வேலையப் பாரும்மா," என்றார் நரசிம்மன்.

இசக்கிசெல்வி நகரவில்லை. "அத்தன பேரு முன்னால வச்சுதான சார் ஏசினிய? அங்கயே வந்து சொல்லுங்க."

நரசிம்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு லைனுக்கு நடந்தார். மெஷின் இரைச்சலில் அவர் சொல்வது யாருக்கும் கேட்காது. லைனை நிறுத்தச் சொன்னார்.