உப்பில்லாத கிணறு

சுருவில் என்னும் ஊரிலிருந்து வந்த கிணற்றுத் தண்ணீரில் உப்பு இல்லை. கோசலாவை முதலில் உறுத்தியது அதுதான்.

பக்கத்து ஊரான சரவணையில், அவள் வீட்டில், மாரிக்காற்று ஓட்டுக்கூரையை உராய்ந்துகொண்டிருந்த மாலையில், உள்ளங்கையளவு கண்ணாடித் தகடொன்று அவள் மேசையில் கமராவின் கீழ்க் கிடந்தது. அதனுள் மயிரிழை போன்றதொரு கால்வாய் செங்கோணம் செங்கோணமாக மடிந்து ஓடியது. நுண்ணளவு வேதியியலை அவள் இணையவழி கற்பிக்கும் முறை அது: மாணவர் தம் வீட்டிலிருந்தே அவள் மேசைப் பம்பை இயக்குவர்; அவர்கள் அனுப்பிய கிணற்று நீரும் வெள்ளி நைத்திரேற்றும் கால்வாயில் கூடும்; உப்பிருந்தால் பால்போல் வெளுக்கும். கடல் சூழ்ந்த இத்தீவில் வெளுக்காத நீர் அரிது.

"ஒரு பொட்டு வெள்ளையும் வரேல்லை, ரீச்சர்," என்றான் திரையில் கோபிசங்கர்.

"பகிடி விடாதையும். எந்தக் கிணறு?"

"ஆளில்லாத வளவுக் கிணறு. பலகை போட்டு மூடிக் கிடந்தது, நான்தான் விலத்தினனான்."

நன்னீரைக் கொட்ட இம்மண்ணில் எவருக்கும் கை வராது. அவன் அனுப்பிய போத்தலில் எஞ்சியதைச் சுவாமியறைச் செம்பில் நிறைத்து, விளக்கேற்றி, மகள் கம்சிகாவின் கையில் தீர்த்தமாக வார்த்தாள்.

"நல்ல இனிப்பம்மா," என்று குழந்தை இன்னும் ஒரு கை வாங்கிக் குடித்தது.

திரும்பி வந்தபோது கோபிசங்கரின் குரல் மாறியிருந்தது.

"ரீச்சர்... நான் பம்பை நிப்பாட்டிப்போட்டன். ஆனா ஓடுது."

தெளிந்த கால்வாயில், நீர் வெளியேறும் முனையிலிருந்து, கரியதோர் இழை எதிர்த்திசையில் ஏறி வந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் நின்றது. வழி தேடுவதுபோல் நடுங்கியது. திரும்பியது. நெடுங்காலம் வெயில் காணாத சேற்றின் வாடை, திருநீற்று மணத்தையும் எண்ணெய்த் திரியின் மணத்தையும் அமுக்கி, அறையெங்கும் எழுந்தது.

மின்கம்பியைப் பிடுங்கினாள். இழை நிற்கவில்லை.

"ரீச்சர், அந்தத் தண்ணியை ஒருத்தரும் குடிக்கேல்லைத்தானே?"

ஐந்தெழுத்து அவள் நாவில் பாதியில் நின்றது.

"அம்மா, கை கூசுது."

வாசலில் கம்சிகா. விளக்கொளியில் கையை நீட்டியபடி.

மெல்லிய தோலின் கீழ், மணிக்கட்டில், கரிய இழை. நேராக ஏறியது. நின்றது. நடுங்கியது.

பின், செங்கோணம் செங்கோணமாக மடிந்து, மேலே ஏறத் தொடங்கியது.