ஆறாம் எண் கிளிப்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சரிவின் உச்சியில் ஐந்து பேர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு இரண்டு வாரம் அதைப் பற்றித்தான் பேச்சு.

மடக்கு நாற்காலியில் சிட்டுவின் சித்தப்பா. ரிமோட்டில் பறக்கவிடும் குட்டி விமானங்களுக்கான கிளைடர் சங்கத்தின் தலைவர் என்பதால் இருந்த ஒரே நாற்காலி அவருக்கு. அவருக்கு வலப்பக்கம், கிளிப் பலகை மாட்டிய கம்பத்தில் சாய்ந்தபடி பேக்கரிக்காரர். பாறைமேல் கைக்குட்டை விரித்து பல் டாக்டர் அம்மா. விளிம்பில், காற்றுக்கு முகம் கொடுத்து நின்றிருந்தாள் சிட்டு. இவர்களுக்கெல்லாம் இருபதடி பின்னால், புல்லில் மண்டியிட்டு, ஒரு கிளைடரை அட்டைப்பெட்டியிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டிருந்தான் ஒரு புதியவன்.

சிட்டு என்பது சித்தப்பா வைத்த பெயர். அவள் வேலை பார்ப்பது குடைக் கம்பெனியில். புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவள் பொறுப்பு. 'காற்றில் மடங்கிய குடைக்குக் கம்பெனி பொறுப்பேற்க இயலாமைக்கு வருந்துகிறோம்...' ஒரு நாளைக்கு முப்பது முறை வருந்துவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருத்தத்துக்கு விடுமுறை. அன்றைக்கு அவள் கையில் ரிமோட் இருக்கும், கண் வானத்தில் இருக்கும். இன்ஜின் இல்லாத அவளுடைய நீலக் கிளைடர் 'தும்பி', சரிவில் மோதி மேலெழும் காற்றின்மேல் சாய்ந்து கிடக்கும்.

அங்கே சட்டம் ஒன்றுதான். பலகையில் எண் போட்ட கிளிப்புகள் வரிசையாக மாட்டியிருக்கும். உன் ரிமோட் எந்தச் சேனலோ, அந்த எண்ணின் கிளிப்பை எடுத்து உன் ஏரியலில் மாட்டிக்கொள்ள வேண்டும். கிளிப் இல்லையா? அந்தச் சேனலில் வேறொருவர் பறக்கவிடுகிறார் என்று அர்த்தம். ஸ்விட்சைத் தொடக்கூடாது. தொட்டால் இரண்டு ரிமோட்டும் ஒரே கிளைடரிடம் பேசும்... அது யார் பேச்சைக் கேட்கும்? தப்புச் சேனலில் ஸ்விட்ச் போட்டு ஒரு கிளைடர் விழக் காரணமானவருக்கு ஆறு ஞாயிறு தடை. சித்தப்பா எழுதிய சட்டம் அது.

சிட்டு வழக்கம்போல் நாலாம் எண்ணை மாட்டியிருந்தாள். புதியவன் பலகைக்கு வந்து, விரலால் தடவிப் பார்த்து, ஆறாம் எண்ணை எடுத்துப் போனான்.

மறு நிமிடம் தும்பி துள்ளியது. இடது பக்கம் திரும்பு என்றாள். அது வலது பக்கம் திரும்பியது. மேலே வா என்றாள். மூக்கைக் கீழே போட்டது. சடாரென்று திரும்பிப் பார்த்தாள்... புதியவன் புல்லில் மண்டியிட்டபடியே ரிமோட்டின் குச்சிகளை அசைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவன் வலது பக்கம் தள்ளினான். வானத்தில் தும்பி வலது பக்கம் சரிந்தது. நாலு நொடி, அவள் தும்பி அவன் சொன்னதைக் கேட்டது.

"ஆஃப் பண்ணுங்க! ஆஃப்!"

அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்களை அவள் முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். மழைக்கு முந்தைய மேகத்தின் நிறம்... ஆனால் அதை ரசிக்க யாருக்கு நேரம்? கீழே முட்புதரில் 'சரக்' என்றொரு சத்தம்.

"கண்ணு இருக்கா இல்லயா உங்களுக்கு?"

"இருக்கு... நான் கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன்," என்றான் அவன், பதற்றத்தில்.

பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். சிட்டு சிரிக்கவில்லை.

சித்தப்பா நாற்காலியை விட்டு எழாமலே விசாரணை நடத்தினார். இவள் கிளிப் நாலு. அவன் கிளிப் ஆறு. "ரெண்டு பேரும் சரியாத்தான் மாட்டியிருக்கீங்க. அப்போ கோளாறு ரிமோட்லதான். தம்பி, உங்களுது ரொம்பப் பழசு. பக்கத்துச் சேனலுக்கெல்லாம் வழியுது. வேற ரிமோட் கிடைக்கிற வரைக்கும் இங்க வராதீங்க."

"ஒரு தடவ பிரிச்சுப் பாத்தீங்கன்னா..."

"எங்க பொண்ணோட ரிமோட்ட நான் பாக்கவே வேண்டாம். பத்து வருஷமா ஒரு தப்பு பண்ணதில்ல."

அவன் புதருக்குள் இறங்கி, கையும் முகமும் கீறிக்கொண்டு, தும்பியைத் துண்டு துண்டாக எடுத்து வந்தான். "வியாழக்கிழமைக்குள்ள ஒட்டித் தர்றேன். கடைக்கு வாங்க," என்று அவளிடம் முகவரிச் சீட்டை நீட்டினான். அவள் வாங்கினாள்.

*

வியாழக்கிழமை மாலை மழை. சிட்டு கடைக்குள் நுழைந்தபோது சுவர் முழுக்க வெறும் பிரேம்கள் அவளையே பார்த்தன. மேசைமேல் தும்பி! இறக்கை எங்கே உடைந்தது என்று தேடிப் பார்த்தாள், தெரியவில்லை.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கீங்க," என்றாள், மனசே இல்லாமல்.

"இதான் என் பொழப்பு. மூக்குல உக்காந்து உடைச்சிட்டு வருவாங்க."

"மூக்குல எப்படி உக்கார்றது?"

"கண்ணாடி மேல உக்காந்துட்டு வருவாங்கன்னு சொல்ல வந்தேன்... நீங்க முறைச்சா வார்த்தை மாறிடுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தவன், அந்தச் சிரிப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

பில்லில் கையெழுத்துப் போடச் சொன்னான். அவள் தாளைக் கை நீட்டத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். அவன் புருவம் உயர்ந்தது.

"உக்காருங்க. ரெண்டே நிமிஷம்."

"எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல. அரை மைல் தள்ளிப் பறக்கிற கிளைடர் மேல கோடு போட்டிருந்தா சொல்வேன்."

"தூரத்துல சரி... இப்ப இது. இந்தக் கண்ணாடில தெளிவா இருக்கா? இல்ல, இதுலயா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"பொய்."

"...ரெண்டாவது."

"இதுல?"

"ஐயோ," என்றாள் சிட்டு. எழுத்துகள் கறுப்பாக, கூராக எழுந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, அவன் முகமும். புதரில் கீறிய காயம் கன்னத்தில் இன்னும் ஆறவில்லை.

"தூரத்துல இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியுது உங்களுக்கு. பக்கத்துல இருக்கறதுதான் தெரியல."

"முப்பத்திரண்டு வயசுல கண்ணாடியா? ஆபீஸ்ல பாட்டு பாடியே ஓட்டுவாங்க."

"ரெடிமேடா ஒண்ணு தர்றேன். வீட்டுல யாரும் பாக்காதப்ப போட்டுக்கங்க." கண்ணாடியைக் கூட்டில் வைத்துக் கொடுத்தான். பிறகு, லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணியில் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று. "தும்பி வயித்துல இருந்த ரிசீவர். தனியா எடுத்து வெச்சிருக்கேன். மாட்டறதுக்கு முன்னாடி... கொஞ்சம் பாத்துக்கங்க."

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. அவளுக்கு அது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

*

சேனலை முடிவு செய்வது கிரிஸ்டல் என்னும் நகத்தளவு உலோகத் துண்டு. ரிமோட்டில் ஒன்று, கிளைடரின் ரிசீவரில் அதன் ஜோடி ஒன்று. இரண்டின் முதுகிலும் ஒரே எண்.

அறைக் கதவைச் சாத்திவிட்டு, மஞ்சள் துணியைப் பிரித்து, புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள் சிட்டு.

ஆறு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். ஆறுதான். ரிமோட்டைப் பிரித்தாள். அங்கேயும் ஆறு.

போன மாதம் வேறொரு மலையில் போட்டி. அங்கே நாலாம் சேனலில் கூட்டம் அதிகம் என்று ஆறாம் ஜோடியை மாட்டினாள். திரும்பி வந்ததும் மாற்றியதாக நினைவு... மங்கலாக எதையோ கழற்றி, மங்கலாக அதையே மறுபடி மாட்டியிருக்கிறாள். அப்புறம் பழக்க தோஷத்தில் நாலாம் கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆறில் பறக்கவிட்டிருக்கிறாள்! அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கண்ணு இருக்கா என்று கேட்டது இவள்.

அவனுக்குத் தெரியும். ரிசீவரை எடுத்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் சொல்லவில்லை. பார்க்கக் கண்ணாடி கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான்.

முதலில் கோபம்தான் வந்தது. பெரிய மகான்னு நெனப்பா? அப்புறம் வெட்கம். அப்புறம் ஒரு அற்ப யோசனை... யாருக்கும் தெரியாதே. நாலாம் ஜோடியை மாட்டிவிட்டால் கதை முடிந்தது.

மாட்டினாள்.

*

அடுத்த ஞாயிறு காற்று அருமை. தும்பி ஏறியது. சித்தப்பா காலை நீட்டிக்கொண்டு, "பாத்தியா, அந்தப் பழைய ரிமோட் இல்லன்னா எவ்வளவு நிம்மதி!" என்றார்.

"அந்த ஆள் கீழ ரோட்ல நிக்கிறாரு சார்," என்றார் பேக்கரிக்காரர். "கழுத்து சுளுக்கிக்கப் போவுது பாவம்."

சிட்டு பார்த்தாள். தூரத்தில் இருப்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை அண்ணாந்து, தும்பி போகும் பக்கமெல்லாம் திரும்பித் திரும்பி அவன் நின்றிருந்தான். பக்கத்தில் அட்டைப்பெட்டி, திறக்காமல். பறக்கவிட முடியாது என்று தெரிந்தும் கிளைடரைக் கொண்டுவந்திருக்கிறான்...

அவளால் அதற்குமேல் பறக்கவிட முடியவில்லை. தரையிறக்கிவிட்டுச் சரிவில் இறங்கினாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" மூச்சிரைக்கக் கேட்டாள்.

"எதை?"

"நடிக்காதீங்க. ஆறு."

அவன் தலையைச் சொறிந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன். ரெண்டு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை கூட பாத்தேன். நீங்க கடைக்கு வந்தீங்க, மூக்குல உக்காந்த கதைக்குச் சிரிச்சுட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிங்க சொல்றது?"

தூறல் போட்டது. அவன் குடையை விரித்து அவள் பக்கம் நீட்டினான். ஒரே காற்று, குடை மடங்கி மேலே பார்த்தது. கைப்பிடியில் அவள் கம்பெனியின் முத்திரை.

"வருந்துகிறோம்," என்றாள் சிட்டு, வாய்ப் பழக்கத்தில்.

"யார் யாரு?" என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பிறகு சிரிப்பு மெல்ல இறங்கியது. "நான் போட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அந்தப் பெட்டில இருக்கறது நானே ஒரு வருஷமா உக்காந்து செஞ்சது. ஒரு தடவகூட பறந்ததில்ல. எனக்கும் அந்தச் சரிவு வேணுங்க."

அவள் நனைந்துகொண்டே ஏறிப் போனாள். மேலே போய், சித்தப்பாவைப் பார்க்காமல் தும்பியை எடுத்து வைத்தாள். பத்து வருஷமா ஒரு தப்பு பண்ணதில்ல என்ற அந்த ஒரு பேச்சு... அதை இழப்பது இவ்வளவு கஷ்டமா?

*

திங்கட்கிழமை காலை, சித்தப்பா டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அவர் தட்டின் ஓரம் ஒரு கவரை வைத்தாள்.

"ஒரே வீட்டுல இருக்கிற ஆளுக்கு எதுக்குடி லெட்டர்?"

"தலைவருக்கு எழுதினது. சித்தப்பாவுக்கு இல்ல."

சங்கத்துக்கு வரும் கடிதத்தை ஞாயிறன்று, யாரும் ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால், சரிவில் உரக்கப் படிக்க வேண்டும். அதுவும் அவர் எழுதிய சட்டம்தான். சித்தப்பா படித்தார். இன்னொரு முறை படித்தார். டீ ஆறியது.

"ஆறு வாரம்," என்றார் கடைசியில்.

"தெரியும்."

"எல்லார் முன்னாடியும் படிக்கணும்."

"தெரியும் சித்தப்பா."

"அந்தப் பையனை நான் பிரிச்சுக் காட்டக்கூட விடல..." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து போகும்போது அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். பிறகு வாசலிலிருந்து, "இறக்கை நல்லாத்தான் ஒட்டியிருக்கான்... வரச் சொல்லு," என்று குரல் மட்டும் வந்தது.

ஆபீசில் மதிய இடைவேளை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கம்பெனியின் பெயர் அச்சிடாத வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள் சிட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பத்து வருடத்தில் அவளுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்த கடிதம் வேறில்லை. மூன்று தாள் கிழித்தாள். நாலாவதில் வந்தது:

'கண்ணாடிக்காரருக்கு,

நான் வருந்துகிறேன். நான் மட்டும். நேற்று யார் யாரு என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இது.

தப்பு என்னுடையது என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வரும் ஞாயிறு உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வாருங்கள். சித்தப்பாவே வரச் சொன்னார். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாலும் நிற்பார், ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆறு ஞாயிறு எனக்குத் தடை. கீழே ரோட்டில், நீங்கள் நின்ற அதே இடத்தில் நான் நிற்பேன். அங்கிருந்து கிளைடர் தெரியும், பறக்கவிடுபவர் தெரியமாட்டார். அதனால் கொஞ்சம் விளிம்புக்கு வந்து நின்று பறக்கவிடுங்கள். நான் அண்ணாந்து பார்க்கப்போவது கிளைடரை மட்டும் இல்லை.

இத்துடன் என் ஆறாம் எண் கிரிஸ்டல்கள் இரண்டையும் வைத்திருக்கிறேன். இனி ஆறு உங்களுடையது. நான் நாலிலேயே இருப்பேன். ஏழாவது ஞாயிறு, ஒரே காற்றில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் பறக்கவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த நாலு நொடி தும்பி உங்கள் பேச்சைக் கேட்டதே... அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் மறக்கவும் முடியவில்லை. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது.

இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

சிட்டு'

கிரிஸ்டல்கள் இரண்டையும் மஞ்சள் துணியில் சுற்றிக் கவருக்குள் வைத்தாள். ஓரத்தில் லேசாகப் புடைத்தது. பசை தடவி, கட்டைவிரலால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை அழுத்தினாள். ஆபீஸ் தபால் தட்டில் போட மனம் வரவில்லை. படியிறங்கி, தெருவைக் கடந்து, தபால் பெட்டியின் வாயில் கவரை வைத்தாள். ஒரு நொடி விரல் விடவில்லை...

விட்டது. உள்ளே 'டொக்' என்று கேட்டது.