மாமாவின் இறால் கூடு

என் அண்ணா உதயரூபனைக் கள்ளன் என்று சொன்னவர் வேறு யாருமல்ல, எங்கள் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், வினாயகமூர்த்தி மாமாதான். அதுவும் தோணித்துறையில், எல்லோருக்கும் முன்னால்.

வாவியில் இறால் கூடு வைப்பவர்கள் பக்கத்தில் கம்பு நட்டு அடையாளத் துணி கட்டுவார்கள். எங்களுடையது சிவப்பு. மாமாவுடையது பச்சை. அப்பாவுக்குக் காய்ச்சல் என்பதால் அன்று அண்ணா முதன்முதலாகத் தனியே போனார். போனவர் பச்சைத் துணிக் கூட்டைத் தூக்கி இறாலை அள்ளிவிட்டார். கரையில் நின்று பார்த்த மாமா சும்மா விடுவாரா?

அதற்குப் பிறகு அண்ணா பள்ளிக்கூடம் போகவில்லை. மழை வேறு விடாமல் பெய்தது. வீடே செத்த வீடு மாதிரிக் கிடந்தது.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சிவப்பும் பச்சையுமாக இரண்டு துணிகளைக் கொண்டுபோய் நீட்டி, இதுகூடவா தெரியவில்லை என்று கேட்டேன்.

அண்ணா வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒரே நிறம்தானே, சுலோ."



விஞ்ஞான ரீச்சரிடம் போய்க் கேட்டேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய உதவும் மரபணு, எக்ஸ் குரோமோசோம் என்ற நிறமூர்த்தத்தில் இருக்கிறதாம். பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஆண்களுக்கு ஒன்றுதான், அதுவும் அம்மா கொடுப்பது. அந்த ஒன்றில் பிழை இருந்தால் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியுமாம். இதற்கு மருந்தும் இல்லையாம்.

வீட்டில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். "நானா குடுத்தன் என்ட புள்ளைக்கு?"

"நீங்க வேணுமெண்டு குடுக்கல்லம்மா. நம்மட குடிப்பேர் தாய்வழியா வாற மாதிரி இதுவும் வந்திருக்கு."

சொல்லும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. அம்மாவுக்கு இது அம்மம்மாவிடமிருந்து வந்திருந்தால்? மாமாவும் அதே வயிற்றில் பிறந்தவர்தானே!

பழைய துணிகளை அள்ளிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். பச்சை ஒன்று எடுத்துத் தரச் சொன்னேன். எரிச்சலோடு ஒன்றை உருவித் தந்தார். சிவப்பு. இன்னொன்று கேட்டேன். அது மண்ணிறம்.

சீதேவிப்பிள்ளை மாமி சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கம்பில் துணி கட்டுவது எப்போதும் மாமிதானாம். மாமா இடத்தை வைத்தே கூட்டைக் கண்டுபிடிப்பாராம். அண்ணாவின் கண்ணும் இப்படித்தான் என்று நான் சொன்னேன்.

மாமா இரண்டு துணிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப, அவன் களவெடுக்கல்ல" என்றார்.

"துறையில சொன்னதைத் துறையிலதான் மாத்தோணும், மாமா."

மறுநாள் காலை எங்கள் கம்பில் வெறும் போத்தல் ஒன்றைக் கட்டினேன். போத்தலைப் பார்க்க நிறம் தேவையில்லை. அண்ணாவைக் கெஞ்சித்தான் துறைக்குக் கூட்டி வந்தேன். அவர் தலையே நிமிரவில்லை.

எல்லோரும் நின்றார்கள். மாமா சத்தமாகவே சொன்னார். "இவன் கள்ளனில்ல. இவன்ட கண்ணும் என்ட கண்ணும் ஒண்டு. பிழை சொன்னது நான்."

தூறல் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணா தோணியைத் தண்ணீரில் தள்ளினார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"ஏறுங்க, மாமா" என்றார்.